ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் நண்பர்களுக்கு

ஜூலை மாதத்தில் சென்னையிலிருந்து இரண்டு குடும்பங்களாக வருகிறீர்கள். உடன் முழங்கால் வலி உள்ள அம்மாவும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நகரத்துக்குள் நான்கு நாள்கள் தங்குவீர்கள். வாடகைக் கார் எடுக்கலாமா, எந்தப் பகுதியில் அறை எடுப்பது, எவற்றைப் பார்ப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று கேட்டிருந்தீர்கள். கோடைக்காலம் என்பதால் பருத்தி உடைகளே போதும்தானே என்பதும் உங்கள் கேள்விகளில் ஒன்று. இந்த நகரத்தில் எங்கே, எப்போது, எப்படிப் போவது என்பதையெல்லாம் முடிவு செய்பவை மேடும் மூடுபனியும்தான். ஆகவே முதலில் அவை இரண்டையும் விளக்கிவிடுகிறேன். பாதிக் கேள்விகளுக்கான விடையை அதிலேயே கண்டுகொள்வீர்கள்.

நகரத்தின் நிலப்பரப்பு ஏறத்தாழ 47 சதுர மைல்தான். வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். தெருக்களும் சதுரங்கக் கட்டங்களைப் போல நேர்நேராக ஓடும். அந்த நேர்கோடுகள்தான் வெளியூர்க்காரரை ஏமாற்றுகின்றன. 1839இல் ஜான் ஜாக் வியோஜே என்பவர் இங்கிருந்த சிற்றூருக்கு முதல் தெருவரைபடம் போட்டார். 1847இல் ஜாஸ்பர் ஓ'ஃபாரல் அதை விரிவாக்கினார். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் தாளில் போட்ட கட்டங்களே பின்னர் மலைமீதும் தெருக்களாக ஏறின. வேறு மலையூர்களில் சாலை வளைந்து வளைந்து மேலே போகும். இங்கே பல தெருக்கள் செங்குத்தாக ஏறி அதே வேகத்தில் மறுபக்கம் இறங்கிவிடுகின்றன. ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் இடையே ஃபில்பர்ட் தெருவின் சரிவு 31.5 விழுக்காடு, அதாவது 100 அடி முன்னேறினால் 31 அடிக்கு மேல் உயரம் மாறுகிறது. செங்குத்தான தெருக்கள் சிலவற்றில் நடைபாதையையே படிக்கட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கைபேசி வரைபடம் பத்து நிமிட நடை என்று காட்டுவதில் ஏழு நிமிடம் ஏற்றமாக இருந்தால், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அன்றைய தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆகவே இங்குள்ளவர்கள் கைக்கொள்ளும் வழக்கத்தையே நீங்களும் கைக்கொள்ளுங்கள்: ஏறுவதற்குப் பேருந்து, இறங்குவதற்குக் கால். 'முனி' என்று அழைக்கப்படும் நகரப் போக்குவரத்தின் பேருந்துகள் மேடுகளின் உச்சிவரை போகின்றன. டெலிகிராஃப் மேட்டின் மேல் 1933இல் கட்டப்பட்ட காய்ட் கோபுரத்துக்கு 39ஆம் எண் பேருந்தில் ஏறிப் போய், கோபுரத்தின் உட்சுவர்களில் 1934இல் தீட்டப்பட்ட தொழிலாளர் வாழ்க்கைச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு, ஃபில்பர்ட் படிகள் வழியாகக் கீழே நடந்து வாருங்கள். இருபுறமும் வீட்டுத் தோட்டங்கள், இடையிடையே வளைகுடா தெரியும் திறப்புகள், தலை சிவந்த பச்சைக்கிளிகளின் கூச்சல் என்று நகரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நடை அதுதான். எந்தச் சுற்றுலாப் பேருந்தும் அதைக் காட்ட முடியாது. ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. அம்மாவை அந்தப் படிகளில் இறங்க விடாதீர்கள். ஒருவர் அவருடன் அதே பேருந்தில் திரும்பட்டும்.

அம்மாவுக்கென்று சமதளமான பகுதிகளும் உண்டு. நகரத்தின் கிழக்கு விளிம்பில் வளைகுடாவை ஒட்டி ஓடும் எம்பார்கடேரோ சாலை ஒரு காலத்தில் தண்ணீராக இருந்தது. 1849ஐ ஒட்டிய தங்க வேட்டைக் காலத்தில் மாலுமிகள் கைவிட்டுப்போன கப்பல்களின் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையை முன்னே தள்ளினார்கள். இன்றைய வங்கிக் கட்டடங்களின் அடியில் அக்கப்பல்களின் மரச்சட்டங்கள் இன்னும் கிடக்கின்றன. வடக்கேயுள்ள மரீனா பகுதியும் அப்படித் தூர்த்து உருவாக்கியதே. 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் அங்கே சேதம் மிகுதியாக இருந்ததற்கு அந்த இளகிய மண்தான் காரணம். எம்பார்கடேரோவின் மேலே வளைகுடாவை மறைத்துக்கொண்டிருந்த மேம்பாலச் சாலையும் அதே நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. 1991இல் அதை இடித்துத் தள்ளிய பிறகுதான் இன்றைக்கு நீங்கள் காணப்போகும் திறந்த கடற்கரை கிடைத்தது. 1898இல் கட்டப்பட்ட படகுத்துறைக் கட்டடமான ஃபெர்ரி பில்டிங்கில் தொடங்கி நீர் ஓரமாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். கால் வலித்தால் அதே சாலையில் ஓடும் 'எஃப்' தடத்து டிராமில் ஏறிக்கொள்ளலாம். அந்தத் தடத்தில் 1928ஆம் ஆண்டைச் சேர்ந்த மிலான் நகரத்து டிராம்கள்கூட இன்னும் ஓடுகின்றன. சனிக்கிழமை காலையில் ஃபெர்ரி பில்டிங்கைச் சுற்றி உழவர் சந்தை கூடும். ஜூலையில் பீச் பழம் வாங்காமல் அங்கிருந்து திரும்பக் கூடாது.

அடுத்தது மூடுபனி. கலிபோர்னியாவின் உட்பகுதியில் மலைகளுக்கு அப்பால் கிடக்கும் பெரிய சமவெளி கோடையில் 40 டிகிரி செல்சியஸ் வரை காய்கிறது. அங்கே சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இந்தக் கரையோரக் கடலில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருப்பதால், அதைத் தொட்டு வரும் ஈரக்காற்று மூடுபனியாகத் திரண்டுவிடுகிறது. கரையோர மலைத்தொடரில் கடல்மட்டத்திலேயே அமைந்த பெரிய வாசல் கோல்டன் கேட் நீரிணை ஒன்றுதான். அதன் வழியாகத்தான் அந்தப் பனி வேகமாக நுழைகிறது. உள்நாடு எவ்வளவு காய்கிறதோ அவ்வளவுக்கு இங்கே குளிர்கிறது. ஜூலையில் நகரத்தின் மையத்தில் பகல்வெப்பம் பொதுவாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கும்; மேற்கே கடலோரத்தில் அதைவிடக் குறைவு; மாலையில் காற்று வேறு சேர்ந்துகொள்ளும். இங்கே உண்மையான வெயில் காலம் செப்டம்பரும் அக்டோபரும்தான். ஆகவே பருத்திச் சட்டையின் மேல் ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜெர்கின் என்று அடுக்கடுக்காக ஆளுக்கு ஒரு செட் கொண்டுவாருங்கள். ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் என்ற மீன்பிடித் துறைமுகத்துக் கடைகளில் நகரத்தின் பெயர் பொறித்த கம்பளிச் சட்டைகள் மலையாகக் குவிந்திருப்பதற்குக் காரணம், அரைக்கால் சட்டையோடு வந்து நடுங்கும் விருந்தினர்கள்தான்.

மூடுபனி நகரம் முழுவதையும் ஒரே மாதிரி மூடுவதில்லை என்பதைத்தான் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நடுவிலுள்ள ட்வின் பீக்ஸ் உள்ளிட்ட மேடுகள் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். மேற்கிலிருந்து வரும் பனி பெரும்பாலும் அவற்றில் முட்டி நிற்கிறது. அதனால் மேற்கேயுள்ள சன்செட், ரிச்மண்ட் பகுதிகளில் நாளெல்லாம் சாம்பல் வானமாக இருக்கையில், கிழக்கேயுள்ள மிஷன் பகுதியில் மக்கள் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். (சன்செட் என்று பெயர் வைத்த பகுதியில்தான் கோடையில் சூரியன் மறைவதைக் காண்பது அரிது.) காலையில் அறையைவிட்டுக் கிளம்பியதும் நடுமேட்டின் மேல் நிற்கும் மூன்று கொம்புச் சூட்ரோ கோபுரத்தைத் தேடுங்கள், 1973இல் கட்டிய, 298 மீட்டர் உயரமுள்ள அலைபரப்புக் கோபுரம் அது. முழுவதும் தெரிந்தால் அன்றைக்குத் தயங்காமல் ட்வின் பீக்ஸுக்குப் போகலாம். கொம்பு மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது கோபுரமே காணாமல் போயிருந்தால், ட்வின் பீக்ஸில் உங்களுக்குக் கிடைப்பது காற்றும் வெண்மையும் மட்டுமே. அத்தகைய நாளில் மிஷனுக்குப் போய் டோலோரஸ் பூங்காவில் உட்காருங்கள்; அல்லது கிழக்கே உள்ள, உயரம் குறைந்த பெர்னல் மேட்டில் ஏறுங்கள். நகரம் முழுவதும் அங்கிருந்தும் தெரிகிறது, கூட்டமும் குறைவு.

கோல்டன் கேட் பாலத்துக்கும் இதே கணக்குத்தான். கோடையில் பெரும்பாலும் அதிகாலையில் பனி அடர்ந்து, நண்பகலை ஒட்டி விலகி, மாலையில் திரும்ப வரும். அதனால் பாலத்துக்கு நண்பகல் வேளையை ஒதுக்குங்கள். 1937 மே மாதம் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,280 மீட்டர். அதன் செம்மஞ்சள் நிறத்தைக் கட்டடக் கலைஞர் இர்விங் மாரோ வற்புறுத்தியதற்கான காரணங்களில், பனியிலும் கப்பல்களுக்குத் தெரியும் என்பதும் ஒன்று. 28ஆம் எண் பேருந்து தெற்கு முனையில் கொண்டுபோய் விடும். நடப்பவர்களுக்குக் கிழக்குப் பக்க நடைபாதை. முழுப் பாலத்தையும் கடக்க வேண்டியதில்லை, முதல் கோபுரம்வரை போய்த் திரும்பினாலே போதும், ஏனெனில் அந்தக் காற்றில் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. பனி மூடிய நாளாக அமைந்துவிட்டால் ஏமாற்றம் வேண்டாம்: மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கப் பாலத்தில் வைத்திருக்கும் ஊதுகொம்புகளின் கனத்த ஓசை அன்றைக்குத்தான் கேட்கும். பாலத்தை நன்றாகப் பார்ப்பதற்கு அதன் மேல் நிற்பதைவிடக் கீழே கிரிஸ்ஸி ஃபீல்ட் கரையில் நிற்பதே மேல். அது சமதளம், அம்மாவும் வரலாம். அருகிலேயே சாலைச் சுரங்கங்களின் கூரைமேல் 2022இல் திறந்த பிரெசிடியோ டனல் டாப்ஸ் பூங்காவில் பிள்ளைகளை விட்டால் மாலைவரை அசைய மாட்டார்கள்; கட்டணமும் இல்லை.

கேபிள் காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் அதில் ஏறுகிறார்கள், சிலரே அதைப் புரிந்துகொண்டு ஏறுகிறார்கள். வண்டிக்குள் எஞ்சின் கிடையாது. தெருவின் அடியில் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் எஃகு வடம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓட்டுபவர் நீண்ட நெம்புகோலை இழுக்கும்போது ஒரு பெரிய இடுக்கி கீழே அந்த வடத்தைக் கவ்விக்கொள்ள, வண்டி நகர்கிறது; பிடியை விட்டுப் பிரேக் போட்டால் நிற்கிறது. ஈரமான சரிவுகளில் குதிரைகள் வழுக்கி விழுந்த காலத்தில், 1873இல், ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர் கிளே தெருவில் இதை முதலில் ஓட்டிக் காட்டினார். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்கும் அதைத் தொடர்ந்த பெருந்தீக்கும் பிறகு பெரும்பாலான தடங்கள் மின்சார டிராமுக்கு மாறின. 1947இல் மேயர் பவல் தெருத் தடங்களை நிறுத்திவிடலாம் என்றபோது, ஃப்ரீடல் க்ளஸ்மன் என்ற பெண்மணி மக்களைத் திரட்டிப் போராடிக் காப்பாற்றினார். இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மூன்று தடங்கள். பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் இரண்டு தடங்களுக்கு நீண்ட வரிசை நிற்கும். ஜூலை மதியத்தில் அந்த வரிசையில் பிள்ளைகளோடு நிற்பது வீண். எம்பார்கடேரோ அருகில் கலிபோர்னியா தெருவின் கீழ்முனையில் தொடங்கும் மூன்றாவது தடத்தில் பெரும்பாலும் உடனே ஏறிவிடலாம். அது சைனாடவுன் ஓரமாக நாப் ஹில் மேட்டில் நேராக ஏறுகிறது. பவல்-ஹைட் தடத்தின் காட்சிதான் மிக அழகானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு முன் வாருங்கள். மேசன் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள கேபிள் கார் அருங்காட்சியகத்தில் அந்த வடங்களை இழுக்கும் ராட்சதச் சக்கரங்கள் சுழல்வதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். முனியின் 'விசிட்டர் பாஸ்போர்ட்' சீட்டு எடுத்தால் கேபிள் காரும் அதில் அடங்கும்; சாதாரணப் பேருந்துச் சீட்டில் அடங்காது.

வாடகைக் கார் பற்றி என் விடை உறுதியானது: நகரத்துக்குள் இருக்கும் நாள்களுக்கு வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 'பார்ட்' ரயில் அரை மணி நேரத்தில் நகர மையத்துக்கு வந்துவிடும். கார் எடுத்தால் விடுதியில் நிறுத்தத் தனிக் கட்டணம், தெருவில் நிறுத்தினால் அந்தத் தெருவைத் துப்புரவு செய்யும் நாளைப் பார்க்காததற்கு அபராதம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த நாபா பள்ளத்தாக்குக்கோ தெற்கே கடற்கரைச் சாலைக்கோ போகிற நாளில் மட்டும் எடுங்கள். எடுத்தால், மேட்டில் நிறுத்தும்போது முன்சக்கரங்களைத் திருப்பி வைப்பது இங்கே சட்டம். 3 விழுக்காட்டுக்கு மேல் சரிவிருந்தாலே அது பொருந்தும். இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை நடைபாதை விளிம்பை நோக்கித் திருப்ப வேண்டும். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் சாலைப்பக்கம் திருப்பி, பின்னுக்கு உருண்டால் டயர் விளிம்புக்கல்லில் முட்டும்படி விட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மறக்கக் கூடாது. உச்சியில் நிறுத்தக் கோடு வந்தால், எதிரே சாலையே தெரியாமல் வானம் மட்டும் தெரியும். பதறாமல் முழுவதும் நின்று, மெல்ல முன்னேறுங்கள். காருக்குள் பை, கோட்டு, சார்ஜர் வயர் எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். டிக்கியில் வைப்பதானாலும் புறப்படும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து பெட்டிகளைக் காட்டக் கூடாது. கண்ணாடியை உடைத்துத் திருடுவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் சுற்றுலா இடங்களில் ஒழியவில்லை. பாலத்தில் சுங்கம் தெற்கு நோக்கி வரும்போது மட்டும் உண்டு, ரொக்கம் வாங்குவதில்லை. வாடகை நிறுவனங்கள் அதன்மேல் தம் கட்டணத்தையும் சேர்க்கும், எனவே கார் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்கு யூனியன் சதுக்கத்தின் கிழக்குப் புறம், எம்பார்கடேரோ, ஜப்பான் டவுன் ஆகிய மூன்றில் ஒன்றைப் பாருங்கள். யூனியன் சதுக்கத்துக்கு மேற்கே சில தெருக்கள் தள்ளி டெண்டர்லாயின் பகுதி தொடங்குகிறது; வரைபடத்தில் விடுதி விலை திடீரென்று சரிவதைக் கண்டால் அங்கேதான் இருக்கும். வீடற்றவர்களும் போதைக்கு அடிமையானவர்களும் தெருவிலேயே வாழும் அவலம் அங்கே கண்முன் இருக்கிறது. அவர்களால் உங்களுக்கு ஆபத்து என்று சொல்ல மாட்டேன்; ஆனால் பிள்ளைகளோடு இரவில் நடந்து திரும்பும் வழியாக அது இருக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நான்கு நாள் இட்லியை மறந்துவிடுங்கள். நல்ல தமிழ்ச் சாப்பாடு தெற்கே சன்னிவேல், சாண்டா கிளாரா பக்கம்தான். ஒரு தோசைக்காக ஒரு மணி நேரம் கார் ஓட்டுவது இந்த நகரத்துக்குச் செய்யும் அவமரியாதை. மிஷன் பகுதியின் மெக்சிகோ வகை ரொட்டிச் சுருளான புரிட்டோவில் சோறும் அவரையும் சேர்த்துச் சுருட்டித் தருவார்கள். ஒன்றை இருவர் சாப்பிடலாம். சைவர்கள், அவரையைப் பன்றிக் கொழுப்பில் வேகவைத்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சைனாடவுனில் கிராண்ட் அவென்யூ சுற்றுலாப் பயணிகளுக்கானது; ஒரு தெரு தள்ளி ஸ்டாக்டன் தெருவில்தான் அந்தப் பகுதி மக்கள் கீரையும் மீனும் வாங்குகிறார்கள், அங்கே நடங்கள். வடக்குக் கரையிலுள்ள ஃபோர்ட் மேசனில் ஜென் பௌத்த மையத்தினர் 1979இல் தொடங்கிய கிரீன்ஸ் என்ற சைவ உணவகத்தில் ஒரு மாலை உட்காருங்கள். சன்னல் முழுக்க வளைகுடா தெரியும். அங்கிருந்து அதிகத் தூரமில்லாமல், வெப்ஸ்டர் தெருவும் ஃபில்பர்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் வேதாந்த சங்கத்தின் பழைய கோயில் இருக்கிறது. விவேகானந்தர் 1900இல் இங்கே வந்து தொடங்கிவைத்த சங்கம் அது. சுவாமி திரிகுணாதீதானந்தர் எழுப்பிய கட்டடம் 1906 நிலநடுக்கத்துக்குச் சற்று முன்பு திறக்கப்பட்டு, அதைத் தாங்கி நின்றது. விதவிதமான குவிமாடங்களை வெளியிலிருந்து பார்ப்பதற்கே போகலாம்.

விட்டுவிடக் கூடியவை: லம்பார்ட் தெருவின் எட்டு வளைவுகளைக் காரில் இறங்கக் காத்திருப்பது (பக்கத்துப் படியில் நின்று பார்த்தால் போதும்), மீன்பிடித் துறைமுகத்தில் அரை நாளுக்கு மேல் செலவழிப்பது. பியர் 39 என்ற படகுத்துறையில் கடற்சிங்கங்களைப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஆனால் கோடையில் அவற்றில் பல இனப்பெருக்கத்துக்காகத் தெற்கே போய்விடும் என்று முன்பே சொல்லிவையுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: மேற்கே ஓஷன் பீச்சில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மணல் அகலமாக, அலை சாதுவாகத் தோன்றும். ஆனால் உள்ளே இழுக்கும் நீரோட்டம் வலுவானது, நீரும் உடம்பை விறைக்க வைக்கும் குளிர்ச்சி. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே அங்கே இறந்திருக்கிறார்கள். கடலைப் பார்ப்பதற்கு 38ஆம் எண் பேருந்தில் லேண்ட்ஸ் எண்ட் போய், 1966இல் எரிந்துபோன சூட்ரோ குளியல்மாளிகையின் இடிபாடுகளை மேலிருந்து பாருங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை இரண்டு. 1963இல் மூடப்பட்ட அல்காட்ராஸ் சிறைத்தீவுக்கு ஜூலைச் சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். படகு பியர் 33இலிருந்து மட்டுமே கிளம்புகிறது, வேறு இடங்களில் விற்பவை தீவைச் சுற்றிக் காட்டுபவையாகவே இருக்கும், இறக்கிவிடுபவை அல்ல. துறையிலிருந்து சிறைக்கூடம்வரை ஏறத்தாழ 40 மீட்டர் ஏற்றம். ஏற முடியாதவர்களுக்குச் சிறு வண்டி ஓடுகிறது, அம்மாவுக்கு அதைக் கேளுங்கள். பாலத்துக்கு வடக்கேயுள்ள ரெட்வுட் மரக் காடான மியூர் வுட்ஸுக்குக் கார் நிறுத்தவும் பேருந்தில் வரவும் 2018 முதல் முன்பதிவு கட்டாயம். அங்கே கைபேசி அலைவரிசை கிடைக்காது, எனவே பதிவுச் சீட்டை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் கிடைத்த தேதிகளை எனக்கு எழுதுங்கள்; மீதமுள்ள நேரத்தை அவற்றைச் சுற்றி வகுத்து, எந்த மேட்டுக்கு எந்தப் பேருந்து என்ற குறிப்போடு அனுப்பிவைக்கிறேன்.